கசப்பு, வழவழப்பு, கொஞ்சம் காரம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆயுத பூஜை முடிந்த அடுத்த ஞாயிறு மதியம், பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டி ஒரு புது ப்ரூவரியில் நடந்தது இது. ப்ரூவரி என்றால் பீரை அங்கேயே காய்ச்சி, அங்கேயே குழாயில் பிடித்துத் தருகிற இடம். நான் பீர் குடிக்கிறவள் இல்லை. அப்புறம் அங்கே உனக்கென்னடி வேலை என்று என் அம்மா இன்றைக்கும் கேட்கிறாள். என் கணவருக்கு அங்கே வேலை இருந்தது, கூடப் போனேன், அவ்வளவுதான்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மனிதர் எதையும் சும்மா வாயில் போட மாட்டார். காபி கொடுத்தால் முதலில் டம்ளரைச் சாய்த்து நிறம் பார்ப்பார். அப்புறம் முகர்வார். அப்புறம் ஒரு வாய் எடுத்து, விழுங்காமல், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கடைசியில், "இதுல ஆரஞ்சுத் தோல் தெரியுது" என்பார். நான் போட்ட டிகாக்‌ஷனில் ஆரஞ்சுத் தோல் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. காபி ஆறி அவலாகப் போவதுதான் எனக்குத் தெரியும். வேலை ஐ.டி. கம்பெனியில் என்றாலும் மனசெல்லாம் ருசியில்தான். பீர் விஷயத்தில் நண்பர்கள் வட்டாரத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

அவர் பெங்களூரில் பிறந்து வளர்ந்தவர். கன்டோன்மென்ட் பக்கத்தில் கான்வென்ட் படிப்பு. தமிழ் சரளமாகப் பேசுவார், ஓர் எழுத்து படிக்க வராது. நான் கிருஷ்ணகிரிக்காரி. பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம், அப்புறம் எஞ்சினியரிங், இப்போது பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. கல்யாணமான புதிதில் ஒருநாள் பாத்ரூம் கழுவும்போது, "அமிலம் தீந்துபோச்சு, வாங்கிட்டு வாங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அமிலம் என்பது ஏதோ கம்பெனி பெயர் என்று நினைத்துக் கடை கடையாகக் கேட்டிருக்கிறார் மனிதர். ஆசிட் என்று தெரிந்ததும் அதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து நான் எதையாவது வினோதமாகச் சொன்னால், "வந்துடுச்சு தமிழ் மீடியம்" என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

ப்ரூவரி அவருடைய கல்லூரி நண்பருடையது. அந்த நண்பர் கன்னடக்காரர், எங்களோடு பழகிப் பழகித் தமிழும் நன்றாகவே பேசுவார். இருந்த வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியிருந்தார். அன்றைக்கு அவர் வெளியிடுவதாக இருந்தது ஒரு கறுப்பு பீர். ரை ஸ்டவுட் என்று பெயர். வறுத்த பார்லியில் காய்ச்சுவதால் கறுப்பு. ரை என்பது குளிர் நாட்டுத் தானியம், அதையும் கொஞ்சம் சேர்ப்பார்களாம். கசப்புக்கு ஹாப்ஸ் என்று ஒரு பூ. அதை இதில் வழக்கத்தைவிடத் தாராளமாகப் போட்டிருந்தார். நெருங்கிய நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு, என் கணவர் முன்னால் நின்று எப்படிச் சுவைப்பது என்று சொல்லித்தர வேண்டும் என்பது ஏற்பாடு.

போகும் வழியில் காரில் ஒத்திகை நடந்தது. வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழர்கள், அதனால் இடையிடையே தமிழிலும் சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொல்லி என்னிடம் தமிழ் கேட்டார். ஹாப்ஸ் என்ன தரும்? கசப்பு. ரை போட்டால் வாயில் எண்ணெய் தடவின மாதிரி நழுவும், அதற்கு என்ன? வழவழப்பு என்றேன். ரைக்கு லேசாக மிளகு மாதிரி ஒரு சுருக் இருக்கும், அது? காரம்.

"கசப்பு, வழவழப்பு, கொஞ்சம் காரம். சூப்பர்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார். எனக்கு அந்த மூன்றும் சேர்ந்து எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கே என்று யோசிப்பதற்குள் ஓசூர் ரோடு டிராஃபிக்கில் ஒரு பஸ் எங்கள் மேல் ஏறப் பார்த்தது. அதோடு மறந்தும் போனேன்.

உள்ளே நுழைந்ததும் நண்பரின் அம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டார். பீர் கடையில் பூஜையா என்று யாராவது கேட்டால் அவரிடம்தான் கேட்க வேண்டும். காலையிலேயே தொட்டிகளுக்கெல்லாம் சந்தனம் பூசி, பூ வைத்து, தேங்காய் உடைத்திருந்தார். கர்நாடகத்தில் வீட்டுக்கு வந்த சுமங்கலிக்கு அரிஷினா குங்குமா கொடுக்காமல் அனுப்பமாட்டார்கள். அரிஷினா என்றால் மஞ்சள். எனக்கு நெற்றியில் வைத்துவிட்டு, மஞ்சளும் குங்குமமும் தனித்தனிச் சின்னப் பொட்டலமாகக் கொடுத்தார். இரண்டையும் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அவர் ஒரு மூலையில் சாத்துக்குடி ஜூஸோடு போய் உட்கார்ந்தார்.

கவுன்ட்டரில் வரிசையாகக் குழாய்கள். ஸ்டவுட்டுக்கு என்று ஒதுக்கியிருந்த குழாயில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். நண்பர் ரிப்பனை வெட்ட, கவுன்ட்டரில் நின்ற ஊழியர் அதைத் திறந்து ஒரு பெரிய ஜாடியில் பிடித்தார். கறுகறுவென்று இறங்கியது. மேலே நுரை. எல்லோரும் கைதட்டினார்கள். ஜாடியிலிருந்து சின்னச் சின்னக் கண்ணாடி கிளாஸ்களில் ஊற்றிக் கொடுத்தார்கள். என் கணவரின் கிளாஸை வாங்கி நான்தான் அவரிடம் நீட்டினேன். அப்போது கொஞ்சம் தளும்பி என் விரல்களில் வழிந்தது.

"நான் சொல்ற வரைக்கும் யாரும் வாய் வெக்கக் கூடாது" என்றார் என் கணவர். காபியில் செய்கிற அதே சடங்குதான். முதலில் நிறம். கிளாஸை வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தில் மாணிக்கச் சிவப்பு தெரிகிறதா பாருங்கள் என்றார். எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் என்ன தோன்றியதோ, என்னைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

"இவங்க பீரே குடிக்க மாட்டாங்க. அதனால இவங்க நாக்கு சொல்றதுதான் சுத்தமான சாட்சி. ஒரே ஒரு சொட்டு விரல்ல தொட்டு வெச்சுப் பாத்து, மனசுல பட்டதச் சொல்லும்மா."

எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. வேண்டாம் என்றால் சபை சிரிக்கும். சரி தொலையட்டும் என்று சுண்டுவிரலை அவர் கிளாஸில் தொட்டு நாக்கு நுனியில் வைத்தேன். முதலில் கசப்பு. அப்புறம் நாக்கும் மேலண்ணமும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கின. அப்புறம் சுரீரென்று ஒன்று.

"கசக்குது" என்றேன். "வழவழன்னு இருக்கு. அப்புறம்... காரமா இருக்கு."

ஒரே கைதட்டல். நண்பர் என் கணவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பீரே குடிக்காத பெண்மணி மூன்றையும் கண்டுபிடித்துவிட்டாள் என்று யாரோ ஆங்கிலத்தில் சொன்னார்கள். பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. தலையை நிமிர்த்திக்கொண்டு ஓரமாக வந்து நின்றேன்.

ஆனால் நாக்கில் அந்தச் சுரீர் அடங்கவில்லை. மிளகு கடித்தால் ஏறி இறங்கும். இது ஏறிக்கொண்டே போனது. டிஷ்யூ எடுத்து வாயைத் துடைத்தேன். விரல்களையும் துடைத்தேன். தானியத்தில் காய்ச்சியது, காய்ந்தால் பிசுபிசுக்க வேண்டும். என் விரல்கள் பிசுபிசுக்கவில்லை, வழுக்கின. இன்னொரு டிஷ்யூ எடுத்து அழுத்தித் துடைத்தேன். அப்போதும் வழுக்கின. கட்டை விரலை ஆள்காட்டி விரலில் தேய்த்தால் தோலே கரைந்து நழுவுகிற மாதிரி இருந்தது.

அந்த நொடியில்தான் எனக்கு அந்த மூன்றையும் எங்கே கேட்டேன் என்று ஞாபகம் வந்தது. எங்கள் வேதியியல் டீச்சர். வகுப்பு முழுவதையும் கோரஸாகச் சொல்ல வைப்பார்: அமிலம் புளிக்கும், காரம் கசக்கும், காரம் தொட்டால் வழவழக்கும். காரம்னா உறைக்கத்தானே டீச்சர் செய்யும் என்று ஒருநாள் நான் எழுந்து கேட்டேன். இது மிளகாய்க் காரம் இல்லடி, சோப்புக் காரம் என்று சொல்லி என்னைப் பெஞ்சு மேல் ஏற்றிவிட்டார்.

என் கணவர் அதற்குள் வாசனைக்குப் போய்விட்டிருந்தார். மூக்கை கிளாஸுக்குள் விடுங்கள், வறுத்த காபி வருகிறதா, நார்த்தங்காய்த் தோல் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோருடைய உதட்டுக்கும் கிளாஸுக்கும் ஒரு விரல் இடைவெளிதான். அடுத்து அவர் சொல்லப்போவது என்னவென்று எனக்குத் தெரியும். பெரிய வாயாக எடுத்து, விழுங்காமல் வாய் முழுக்கச் சுழற்றுங்கள் என்பார். சொல்லிக்கொண்டே அவர்தான் முதலில் செய்து காட்டுவார்.

இதற்கு நடுவிலும் எனக்கு ஒரு சந்தேகம். பீரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? கசக்கும், வழவழக்கும், காரமாக இருக்கும் என்று விஷயம் தெரிந்தவர்கள் முன்கூட்டியே சொல்லித்தானே கூட்டி வந்தார்கள்? ஒருவேளை பீர் என்றாலே இப்படித்தான் இருக்குமோ? ஓடிப்போய் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏங்க, இது காரம்ங்க."

"அதான் சொல்லிட்டியே, கரெக்டா சொன்ன" என்று சிரித்தார்.

"அய்யோ, அந்தக் காரம் இல்லீங்க. இது காரம்!"

"எந்தக் காரம்?"

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். ஆங்கில வார்த்தை வரவில்லை. நாலு வருஷம் எஞ்சினியரிங் படித்தவள், தினமும் ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுதுகிறவள், அந்த ஒரு சொல் தொண்டைக்கு வரவே மாட்டேன் என்றது. நாக்கு வேறு தடித்துக்கொண்டு வந்தது. "காரம், காரம்" என்று நான் பதற, எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிச் சிரித்தார்கள். ஒருவர், காரம் அதிகமாக இருந்தால் தண்ணீர் குடியுங்கள் சிஸ்டர் என்றார்.

"குடிக்காதீங்க!" என்று கத்திவிட்டேன். "யாரும் குடிக்காதீங்க! குடீபேடி! கிளாஸக் கீழ வைங்க!"

நண்பரின் முகம் சுருங்கியது. "மேடம், ரை போட்டா அப்படித்தான் இருக்கும். சும்மா பயப்படாதீங்க" என்றார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது, ஆனால் கண்ணில் கோபம். அவருக்கு இது முதல் நாள். முதல் நாளில் ஒருத்தி நடு ஹாலில் நின்று குடிக்காதீங்க என்று கத்தினால் யாருக்குத்தான் கோபம் வராது? என் கணவருக்கு அவமானத்தில் காது சிவந்துவிட்டது. என்னைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"தமிழ் மீடியம் இங்க வேணாம். நானே குடிச்சுக் காட்டறேன், பாரு."

கிளாஸ் உதடு வரை போய்விட்டது. அவர் கண்ணை மூடினார். நான் யோசிக்கவில்லை. ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். கிளாஸ் பறந்துபோய்க் கவுன்ட்டர் விளிம்பில் மோதி உடைந்தது. கறுப்பு அவர் வெள்ளைச் சட்டை முழுவதும் தெறித்தது. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நான் அவர் மேல் கை ஓங்கினது இல்லை. அதுவும் நாலு பேர் முன்னால். அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

சொல் வராவிட்டால் காட்டித்தான் ஆக வேண்டும். கைப்பையைக் கொட்டி அந்த மஞ்சள் பொட்டலத்தை எடுத்தேன். கவுன்ட்டர் மேல் ஒரு வெள்ளைக் காகிதத் தட்டு இருந்தது. அதில் மஞ்சளைக் கொட்டிப் பரப்பினேன். ஜாடியில் ஒரு ஸ்பூனை விட்டு, மஞ்சள் மேல் ஒரு சொட்டு விட்டேன். அவசரத்தில் இரண்டு மூன்று சொட்டாக விழுந்தது.

விழுந்த இடமெல்லாம் ரத்தச் சிவப்பாக மாறியது.

மூலையிலிருந்து நண்பரின் அம்மா எழுந்து வந்திருந்தார். தட்டைப் பார்த்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டார். "அய்யய்யோ, ஆரத்தி நீர் தரா ஆய்த்தல்லோ!" என்றார். ஆரத்தித் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டதே என்று அர்த்தம். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கும் என்பதை அந்த ஹாலில் தெரியாதவர்களே கிடையாது. கல்யாணத்தில், பிள்ளை பிறந்த வீட்டில் எல்லாம் பார்த்ததுதானே. சுண்ணாம்பும் டீச்சர் சொன்ன அந்தக் காரம் வகைதான். நான் பக்கத்து மேஜையில் இருந்த சாதாரண பீரை ஒரு சொட்டு எடுத்து மஞ்சளின் இன்னொரு ஓரத்தில் விட்டேன். அது மஞ்சளாகவே கிடந்தது.

ஒவ்வொரு கிளாஸாகக் கீழே இறங்கியது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

முதலில் வாயைத் திறந்தவர் கவுன்ட்டர் ஊழியர். முகம் வெளுத்துப்போய், "சார், லைனுக்கு நீரு பிட்டில்லா சார்" என்றார், லைனில் தண்ணீர் விடவில்லை என்று. பீப்பாயிலிருந்து குழாய்க்கு வருகிற பைப்பைச் சுத்தம் செய்ய, முந்தைய நாள் காஸ்டிக் சோடாத் தண்ணீரை நிரப்பி ஊறவிட்டிருக்கிறார்கள். பிறகு நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். இன்னொரு ஊழியர் அலசியிருப்பார் என்று இவரும், இவர் அலசியிருப்பார் என்று அவரும் இருந்துவிட்டார்கள். பூஜை அமளியில் யாரும் கேட்கவில்லை. ஜாடிக்கு வந்தது பாதி பீர், பாதி அது. கறுப்பு பீராக இல்லாமல் வெளிர் பீராக இருந்திருந்தாலாவது யாருக்காவது கண்ணில் பட்டிருக்குமோ என்னவோ.

நான் அதற்குள் வாஷ்பேசினுக்கு ஓடியிருந்தேன். குழாயைத் திறந்துவிட்டு வாயைக் கொப்புளித்துக் கொப்புளித்துத் துப்பினேன். அப்போதுதான், எல்லாம் முடிந்த பிறகு, அந்தப் பாழாய்ப்போன வார்த்தை வந்தது. "ஆல்கலி! ஆல்கலி!" என்று பேசினுக்குள் கத்தினேன். பின்னால் நின்று என் தலையைப் பிடித்துக்கொண்டிருந்த என் கணவர் சிரிக்கவில்லை. இன்னொரு கையால் குழாயை முழுக்கத் திறந்துவிட்டார்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் பார்த்தோம். ஒரு சொட்டோடு போனதால் நாக்கு நுனித் தோல் உரிந்ததோடு சரி. சில நாள் மோர் சாதம். ஒரு வாய் முழுக்க எடுத்து விழுங்கியிருந்தால் உணவுக் குழாய் வெந்துபோயிருக்கும் என்று டாக்டர் சாதாரணமாகச் சொன்னார். என் கணவர் வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கறை படிந்த சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "என் வாய்க்கிட்ட வந்துடுச்சு இல்ல?" என்றார். நான் அவர் தோளில் சாய்ந்து அழுதேன். அவர் இல்லாமல் போயிருந்தால் என்கிற நினைப்பு அப்போதுதான் எனக்கு முழுதாக வந்தது.

என்னால்தான் எல்லோரும் பிழைத்தார்கள் என்று நண்பர் வட்டாரத்தில் இன்றும் சொல்கிறார்கள். பாதிதான் சரி. நிறம் பார், முகர்ந்து பார், பொறு என்று அவர் நிறுத்தி வைக்காமல் இருந்திருந்தால், நான் விரலைத் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பன்னிரண்டு பேரும் குடித்து முடித்திருப்பார்கள். அவருடைய காபிச் சடங்கைக் கிண்டல் செய்வதை அன்றோடு விட்டுவிட்டேன். அவரும் தமிழ் மீடியம் என்ற பேச்சை எடுப்பதில்லை.

நண்பர் ஒரு மாதம் கடையை மூடி, எல்லாக் குழாய்களையும் மாற்றி, அலசி முடித்தபின் ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் பீப்பாயை இணைக்கலாம் என்று ஏற்பாடு செய்துவிட்டுத்தான் திரும்பத் திறந்தார். எங்களைக் கூப்பிட்டார். அவர் அம்மா தானே முன்வந்து ஒரு தட்டில் மஞ்சளைப் பரப்பிக்கொண்டு நின்றார். சொட்டு விட்டுப் பார்த்தோம். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

அன்றைக்குத்தான் உண்மையான ரை ஸ்டவுட்டை ஒரே ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். கசந்தது. ஆனால் அது நார்த்தங்காய்த் தோலைக் கடித்த கசப்பு, பின்னாலேயே ஒரு மணமும் வந்தது. நடுவில் கெட்டி டிகாக்‌ஷன், அடிப்பிடித்த கேழ்வரகுக் களியின் வாசம். வழவழப்பும் இருந்தது, நன்றாகக் காய்ச்சின கஞ்சி நாக்கில் படர்கிற மாதிரி. விழுங்கின பிறகு கடைசியில் மிளகு எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாக அடங்கியது. விரலைத் தொட்டுத் தேய்த்தேன். பிசுபிசுத்தது. அந்தப் பிசுபிசுப்பில் எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அதைச் சொல்ல முடியாது. என்ன தெரிகிறது என்று என் கணவர் கேட்டார். அடக்க முடியாமல், "ஆரஞ்சுத் தோல் தெரியுது" என்றேன்.

இப்போதும் வீட்டில் சாம்பார் கொஞ்சம் காரம் தூக்கலாகிவிட்டது என்று நான் சொன்னால், அவர் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "எந்தக் காரம்?" என்று கேட்கிறார். சிரிப்பதற்காகத்தான் கேட்கிறார், ஆனால் நான் பதில் சொல்லும்வரை சாப்பிட மாட்டார். நானும் சிரித்துக்கொண்டே, மிளகாய்க் காரம்தாங்க என்கிறேன். அன்றைக்கு இதே கேள்வியை இதே முகம் கேட்டபோது என்னிடம் ஓங்கின கை மட்டும்தான் இருந்தது என்பது நினைவுக்கு வர, அவர் அந்தக் கவளத்தை விழுங்கும்வரை பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.